பழுப்புப் பாசியின் கொழுப்பும் கண்டியின் தட்டும்

1. கேள்வி

கண்டி நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்நகரத்துச் சமையலறைகளில் கொழுப்பு என்றால் முதலில் தேங்காய்தான். தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் சுமார் 90 சதவீதம் நிரம்பியவை. அதில் ஏறக்குறையப் பாதி லோரிக் அமிலம். ஒமேகா-3 வகை இல்லையென்றே சொல்லலாம். கடலுக்கே உரிய நீள்சங்கிலி ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் இங்கே வந்துசேரும் வழி மீன் ஒன்றே: லொறியில் வரும் பச்சை மீன், சாக்கில் வரும் கருவாடும் நெத்தலியும், பேணியில் வரும் ரின்மீன். விலை ஏறும்போது சட்டியிலிருந்து முதலில் குறைவதும் இவைதான்.

சுற்றியுள்ள தோட்டங்களில் நிலைமை இன்னும் இறுக்கமானது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32 சதவீதம். இந்த வேறுபாட்டுக்கு ஒரு கொழுப்பமிலத்தின் குறை காரணமென்று எவரும் சொல்ல முடியாது. கூலி, வீடு, நீர், தாயின் உடல்நிலை எல்லாம் அதில் சேர்ந்துள்ளன. ஆயினும் ரொட்டியும் பருப்பும் மையமான உணவில் மீனின் இடம் எவ்வளவு ஒடுங்கியது என்பதை மறந்துவிட்டு ‘நல்ல கொழுப்பு’ பற்றிப் பேச இயலாது.

இத்தகைய சூழலில்தான் பழுப்புக் கடற்பாசி பற்றிய கூற்று ஈர்ப்புடையதாகிறது. நிலமும் நன்னீரும் உரமும் கேட்காமல் வளரும் ஒரு தாவரத்தில், மீனெண்ணெயில் உள்ளதைப் போன்ற கொழுப்பமிலங்களும் வேறெங்கும் அரிதான நிறமியும் இருக்கின்றன. எனவே அது இலிப்பிட்டுகளுக்கு நிலைபேறான மூலம் என்பது அக்கூற்று. அதைக் கண்டியில் நின்று சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. ஆய்வுகூட அட்டவணையில் இக்கூற்று உண்மை, உண்பவரின் தட்டில் அது நிற்பதில்லை, பாசியின் பயனை வேறிடத்தில்தான் தேட வேண்டும் என்பது என் வாதம்.

2. மலைநாட்டில் பாசி அறிவு

இலங்கைப் பாசிகளைப் பற்றிய அறிவு கரையோரத்தில் மட்டும் வளர்ந்ததல்ல. 1849 முதல் 1880 வரை பேராதனைத் தாவரவியற் பூங்காவை நடத்திய துவைற்ஸ், இலங்கைக்கு வருமுன் நுண்பாசிகளை ஆராய்ந்தவர். தயற்றங்கள் இணைந்து இனம்பெருக்குவதைக் கண்டு விவரித்தவர். தயற்றமும் பழுப்புக் கடற்பாசியும் ஒரே பெருங்கிளையைச் சேர்ந்தவை என்பதும் இரண்டுக்கும் பழுப்பு நிறம் தருவது பியூக்கோசாந்தின் என்ற ஒரே நிறமி என்பதும் பின்னாளில் தெளிவானவை. அவருடைய காலத்திலேயே, 1850களின் முற்பகுதியில், அயர்லாந்துப் பாசியியலாளர் ஹார்வி இலங்கைக் கரையில் பாசிகளைச் சேகரித்துச் சென்றார். இத்துறையில் நம்மவரின் பெரும் பங்களிப்பு எம். துரைரத்தினத்தினுடையது. மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடாக 1961இல் வந்த அவரது நூல் இலங்கைக் கடற்பாசிகளைப் படிப்போர் இன்றும் தாண்டிச் செல்ல முடியாத ஒன்று.

இவ்வளவு பழைய அறிவு இருந்தும் பழுப்புப் பாசி இலங்கைச் சமையலறைக்குள் வரவில்லை. நோன்பு காலத்தில் கண்டி முஸ்லிம் வீடுகளில் செய்யப்படும் கடற்பாசி இனிப்பு, சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் ஏகாரினால் ஆனது. ‘இலங்கைப் பாசி’ என்ற பெயரில் ஒருகாலத்தில் ஏற்றுமதியானதும் சிவப்பு வகையே. இன்று கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கயிற்றில் கட்டி வளர்க்கப்படும் கப்பாபைக்கஸும் சிவப்பு வகைதான். அதில் கொழுப்பு மிக அற்பம்.

பழுப்பு வகைகளுக்குக் கரையோர மக்களிடம் பெயர் உண்டு. பாக்கு நீரிணையின் மறுகரையில், இராமநாதபுரத்துப் பெண்கள் சர்காசத்தைக் கட்டைக்கோரை என்றும் டர்பினேரியாவைப் பக்கோடாப் பாசி என்றும் அழைத்துக் கடலில் முங்கிப் பறிக்கின்றனர். அது போய்ச் சேர்வது அல்ஜினேற்று ஆலைக்கு. சாயம், துணி, மருந்து, ஐஸ்கிறீம் எனப் பலவற்றைத் தடிப்பாக்கும் அல்ஜினேற்றுக்காகவே தென்னாசியாவில் பழுப்புப் பாசிக்கு விலை உண்டு. கொழுப்புக்காக யாரும் ஒரு கூடை பாசி வாங்கியதில்லை.

3. ஏன் சிறந்தது, ஏன் சிறிது

பழுப்புப் பாசியின் இலிப்பிட்டு ஏன் உயர்வாகப் பேசப்படுகிறதோ, அதே காரணத்தால்தான் அது குறைவாகவும் இருக்கிறது. எள்ளும் தென்னையும் மிஞ்சிய சக்தியை எண்ணெயாக விதையில் சேர்த்துவைக்கின்றன. பழுப்புப் பாசி அப்படிச் செய்வதில்லை. அதன் சேமிப்பு லமினாரின் என்ற பல்சக்கரைட்டும் மனிற்றோல் என்ற வெல்ல அற்ககோலும் ஆகும். ஆகவே அதில் உள்ள இலிப்பிட்டின் பெரும்பகுதி சேமிப்புக் கொழுப்பல்ல. கலமென்சவ்வுகளின், குறிப்பாக ஒளித்தொகுப்பு நடக்கும் பச்சையுருமணி மென்சவ்வுகளின், கட்டுமானப் பொருள். மென்சவ்வு இளகி இயங்க வேண்டுமாதலால் அதன் கொழுப்பமிலங்கள் பல்நிரம்பாதவையாக இருக்கின்றன. தரத்துக்குக் காரணம் இது. மென்சவ்வுக்கு வேண்டியதற்கு மேல் தாவரம் எதையும் சேர்ப்பதில்லை என்பதால் அளவு உலர்நிறையில் பெரும்பாலும் 1 முதல் 5 சதவீதத்துக்குள் நின்றுவிடுகிறது.

இந்த இலிப்பிட்டில் மூன்று கூறுகள் கவனத்துக்குரியவை. முதலாவது, ஈ.பி.ஏ. எனச் சுருக்கமாக வழங்கும் ஐக்கோசாபென்டாயினோயிக் அமிலமும், அதன் முன்னோடியாக உடலில் ஓரளவு பயன்படக்கூடிய ஸ்ரியரிடோனிக் அமிலமும். மீனில் உள்ள மற்றோர் ஒமேகா-3 அமிலமான டி.எச்.ஏ. பழுப்புப் பாசியில் அநேகமாக இல்லை. குழந்தையின் மூளைக்கும் விழித்திரைக்கும் தேவைப்படுவது முதன்மையாக டி.எச்.ஏ. என்பதால், ‘மீனெண்ணெய்க்கு மாற்று’ என்ற சொற்றொடர் இந்த இடத்திலேயே பாதி பலமிழக்கிறது. இரண்டாவது பியூக்கோசாந்தின். மூன்றாவது, இவ்வினத்தின் பிரதான ஸ்ரெரோலான பியூக்கோஸ்ரெரோல்.

வெப்பநிலையும் ஒரு தீர்மானமான காரணி. நீர் குளிர்ந்தால் மென்சவ்வு இறுகும். அதை ஈடுசெய்யத் தாவரம் நிரம்பாத கொழுப்பமிலங்களைக் கூட்டுகிறது. ஹொக்கைடோவின் குளிர்நீரில் எடுத்த பாசியின் பகுப்பாய்வை எங்கள் தென்கரைக்கு அப்படியே பொருத்துவது இதனால் தவறு. ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான நீரில் நிற்கும் வெப்பவலயச் சர்காசத்தில் பால்மிற்றிக் அமிலமே பெரும்பங்கு. பல வேளைகளில் ஒமேகா-6 வகையான அரகிடோனிக் அமிலம் ஈ.பி.ஏ.க்கு நிகராகவோ கூடவோ இருக்கிறது.

4. சதவீதத்தின் ஏமாற்று

இத்துறைக் கட்டுரைகளில் என்னை அதிகம் உறுத்துவது அளவு சொல்லும் முறை. ‘மொத்தக் கொழுப்பமிலத்தில் ஈ.பி.ஏ. இத்தனை சதவீதம்’ என்று அட்டவணை சொல்லும். எதனுடைய சதவீதம் என்ற கேள்வியை வாசகர் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இலிப்பிட்டு 2 சதவீதம் உள்ள சர்காசத்தின் 1 கிராம் உலர்தூளில் 20 மில்லிகிராம் இலிப்பிட்டு இருக்கும். நிறமிகளும் ஸ்ரெரோலும் கிளைக்கோ இலிப்பிட்டுகளின் சீனிப்பகுதியும் நீங்கினால் கொழுப்பமிலம் ஏறக்குறையப் பாதி, 10 மில்லிகிராம். அதில் 5 சதவீதம் ஈ.பி.ஏ. என்றால் அரை மில்லிகிராம். வளர்ந்தவர்களுக்கு ஈ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் சேர்ந்து நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2010இல் ஏற்ற அளவு. அதை எட்ட 500 கிராம் உலர்பாசி வேண்டும். பச்சையாக 3 கிலோகிராமுக்கு மேல். மிகத் தாராளமாக, இலிப்பிட்டு 4 சதவீதம், கொழுப்பமிலத்தில் ஈ.பி.ஏ. 10 சதவீதம் என்று வைத்தாலும் 125 கிராம் உலர்பாசி. உலகிலேயே பாசியை விரும்பி உண்ணும் ஜப்பானியர் நாளொன்றுக்கு உண்பது சராசரியாக 5 கிராம் உலர்நிறையளவுதான். கொழுத்த பருவத்துச் சாளையில் 100 கிராமிலேயே 1 கிராம் அளவுக்கு ஒமேகா-3 கிடைத்துவிடும்.

டிக்ரியோற்றா முதலிய சில இனங்களில் 10 சதவீதத்துக்கும் மேல் இலிப்பிட்டு பதிவாகியிருப்பதை இங்கே எதிர்வாதமாக வைக்கலாம். உண்மைதான். ஆனால் அதே இனங்கள் தம்மை மேய வரும் உயிரிகளை விரட்டக் கசப்பான தேர்பீன்களை உருவாக்குபவை. கரைப்பானில் பிரித்தெடுக்கும்போது அந்தத் தேர்பீன்களும் ‘மொத்த இலிப்பிட்டு’ என்ற கணக்கிலேயே ஏறிவிடுகின்றன. எண் பெரிதாகிறது; உண்ணத்தக்கது அந்த அளவுக்குப் பெரிதாவதில்லை.

பிரித்தெடுக்கும் முறையே இன்னொரு சிக்கல். உணவுப் பகுப்பாய்வில் வழமையான சொக்ஸ்லெற் முறை ஹெக்சேன் போன்ற முனைவற்ற கரைப்பானைப் பயன்படுத்துகிறது. ஈ.பி.ஏ.யைத் தாங்கியிருப்பவையோ பெருமளவில் முனைவுள்ள கிளைக்கோ இலிப்பிட்டுகள். அவை ஹெக்சேனில் சரிவர இறங்குவதில்லை. 1957இல் வெளியான போல்ச் முறையோ 1959இன் பிளை–டயர் முறையோ குளோரோபோமும் மெதனோலும் கலந்து அவற்றையும் சேர்த்தே எடுக்கும். ஆகவே ஒரே பாசிக்கு ஓர் ஆய்வுகூடம் 1 சதவீதத்துக்குக் குறைவாகவும் இன்னொன்று 3 சதவீதமாகவும் சொன்னால் இருவரும் பிழைவிட்டதாகாது. அவர்கள் வெவ்வேறு பொருள்களை அளந்திருக்கிறார்கள். இரண்டு எண்களையும் ஒரே நிரலில் இட்டு ஒப்பிடும் மீளாய்வுகள்தாம் குழப்பம் தருகின்றன.

கண்டிக்கு இதில் தனியான ஓர் இடர்ப்பாடும் உண்டு. காலியிலோ மன்னாரிலோ பறித்த பாசி பேராதனைக்கோ ஹந்தானையில் உள்ள அடிப்படை ஆய்வுகளுக்கான நிறுவனத்துக்கோ வந்துசேரப் பல மணிநேரம் ஆகும். பல்நிரம்பாத கொழுப்பமிலங்கள் ஒட்சியேறிக் கெடும். பியூக்கோசாந்தின் வெயிலுக்கும் வெப்பத்துக்கும் அமிலத்துக்கும் சிதையும். மணலில் பரப்பி வெயிலில் உலர்த்தும் கரையோர வழக்கம் அல்ஜினேற்றைப் பெரிதாகப் பாதிக்காததால் அந்த வணிகத்துக்குப் போதுமானது. இலிப்பிட்டைத் தேடுபவருக்கோ அந்த வெயிலே முதல் இழப்பு. பெட்டியில் பனிக்கட்டியிட்டு, நிழலில் கொண்டுவந்து, உறைநிலையில் உலர்த்திய மாதிரியின் எண்ணைக் கரையில் காய்ந்த மூட்டைக்குப் பொருத்த முடியாது.

5. பியூக்கோசாந்தின் வாதம்

கொழுப்பமிலக் கணக்கு பொய்த்தபின் ஆதரவாளர்கள் நகர்வது நிறமிக்கு. இதற்கு வலுவான அடித்தளம் இட்டது ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் மியாஷித்தா குழுவினரின் பணி. அக்குழுவின் மயேதாவும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், வக்காமே என்ற பழுப்புப் பாசியின் பியூக்கோசாந்தின் எலிகளின் வெண்கொழுப்பிழையத்தில் யு.சி.பி.-1 என்ற புரதத்தைத் தூண்டுவதாகக் காட்டினர். சக்தியைச் சேமிக்க வேண்டிய கொழுப்புக் கலம் அதை வெப்பமாக எரிக்கத் தொடங்குகிறது என்பது அதன் பொருள். நீரிழிவும் வயிற்றுப் பருமனும் பெருகிவரும் இலங்கை நகரங்களுக்கு இது கவர்ச்சியான செய்தி.

மனிதரிடம் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. குடலில் பியூக்கோசாந்தின் பியூக்கோசாந்தினோலாக மாறியே உட்செல்கிறது. பாசியை உண்ட மனிதரின் குருதியில் அதன் செறிவு மிகத் தாழ்வாகவே காணப்பட்டது. மனிதப் பரிசோதனைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் 2010ஆம் ஆண்டு ஆய்வு பியூக்கோசாந்தினை மாதுளை விதையெண்ணெயுடன் சேர்த்துக் கொடுத்தது. எடை குறைந்தது எதனால் என்று பிரித்துச் சொல்வது அதனால் கடினம். எலியில் கண்டதை வில்லையாக்கி விற்கும் வணிகம் ஆய்வைவிட வேகமாக ஓடுகிறது என்பதைத் தவிர இங்கே உறுதியாகச் சொல்ல அதிகமில்லை. கொழுப்புடன் சேர்ந்தால் இந்நிறமி கூடுதலாக உறிஞ்சப்படும் என்பதால், தேங்காய்ப்பாலில் வேகும் இலங்கைக் கறி அதற்கு உகந்த ஊடகமாகலாம். சோதிக்கத்தக்க எண்ணம், அவ்வளவே.

6. கண்டிக்குரிய இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது அயடீன். கண்டியை உள்ளடக்கிய ஈரவலயம் நெடுங்காலமாகக் கழுத்துக்கழலை பரவலாக இருந்த பகுதி. பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியலாளர்கள் சி.பி. திசாநாயக்கவும் ரோஹன சந்திரஜித்தும் மருத்துவப் புவிச்சரிதவியல் பற்றி 2009இல் வெளியிட்ட நூல் இத்தகைய மண்–நோய்த் தொடர்புகளை விரிவாக ஆராய்கிறது. 1995இலிருந்து உப்பு முழுவதற்கும் அயடீன் சேர்ப்பது கட்டாயமானது. பழுப்புப் பாசி அயடீனைத் தன்னுள் செறிப்பதில் பெயர்பெற்றது. எனவே ‘கழலைப் பகுதிக்கு இதைவிட ஏற்ற உணவு ஏது’ என்ற வாதம் உடனே எழும். நான் அதை எச்சரிக்கையோடு பார்க்கிறேன். நெடுநாள் அயடீன் குறையில் முடிச்சுக் கழலை வளர்ந்தவர்களுக்குத் திடீரென மிகையாக அயடீன் கிடைத்தால் தைரொயிட்டுச் சுரப்பி கட்டுமீறிச் சுரக்கக்கூடும். முதியோர் பலர் அப்படிப்பட்ட சுரப்பியோடு வாழும் பகுதி இது. உப்பினால் ஏற்கெனவே ஈடுசெய்யப்பட்ட குறைக்கு, அளவு தெரியாத இன்னொரு மூலத்தைச் சேர்ப்பதில் நன்மை குறைவு.

இரண்டாவது ஆசனிக்கு. சர்காசக் குடும்பத்து ஹிஜிக்கிப் பாசியை உண்ண வேண்டாமென்று கனடா 2001இலும் பிரித்தானியா 2004இலும் மக்களுக்கு அறிவுறுத்தின. காரணம் அதிலுள்ள அசேதன ஆசனிக்கு. இதற்குப் பலரும் தரும் பதில், எண்ணெயை மட்டும் பிரித்தெடுத்தால் நீரில் கரையும் ஆசனிக்கு பின்தங்கிவிடும் என்பது. ஆனால் கொழுப்பில் கரையும் ஆசனிக்குச் சேர்வைகளும் உள்ளன. 1988இலேயே ஜப்பானிய ஆய்வாளர் இருவர் வக்காமேயில் அத்தகைய ஆசனிக்கு இலிப்பிட்டைக் கண்டறிந்தனர். இவ்வகைச் சேர்வைகளில் சில மனிதக் கலங்களுக்கு நஞ்சாவதைப் பிற்கால ஆய்வுகூடச் சோதனைகள் காட்டின. பாசியிலிருந்து இலிப்பிட்டைச் செறிவாக்கும் செயல்முறை இவற்றையும் செறிவாக்கும். இலிப்பிட்டின் பெருமை பேசும் கட்டுரைகளில் இந்த வரி அரிதாகவே இடம்பெறுகிறது. சிறுநீரக நோயின் காரணம் பற்றிய விவாதத்தில் ஆசனிக்கு என்ற சொல்லை ஏற்கெனவே பதற்றத்தோடு கேட்ட நாடு இது. மேலும் ஒரு மூலத்தை அளக்காமல் உள்ளே விடுவதற்கு இங்கே சாக்கில்லை.

7. நிலைபேறு யாருக்கு?

பாசி தானாக வளர்கிறது என்பதால் மட்டும் அதை எடுப்பது நிலைபேறானதாகிவிடாது. அத்திலாந்திக்கில் 2011 முதல் மிதந்துவந்து கரைகளை மூடும் சர்காசம் வேறு. இலங்கைக் கரையின் சர்காசம் பாறையிலும் பவளத்தட்டிலும் பற்றுறுப்பால் ஒட்டி நிற்பது. பற்றுறுப்பை விட்டுத் தண்டை அரிந்தால் மீண்டும் துளிர்க்கும். வேரோடு பிடுங்குவதுபோல் பறித்தால் அந்த இடம் வெறுமையாகும். 2 சதவீதக் கணக்கில் 1 தொன் இலிப்பிட்டுக்கு 50 தொன் உலர்பாசி, அதாவது 300 தொன்னுக்கு மேல் பச்சைப்பாசி வேண்டும். அந்த அளவைத் தென்கரையின் குறுகிய பவளத்தட்டுகளில் தேடுவது அழிவையே தேடுவது. ஹிக்கடுவை போன்ற தட்டுகள் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டவையும்கூட. மன்னார் வளைகுடாவின் இந்தியப் பக்கத்தில் 1986இல் 21 தீவுகள் தேசியப் பூங்காவானபின், தலைமுறைகளாக அங்கே பாசி எடுத்த பெண்கள் எல்லை மீறியவர்களாகிவிட்டனர். பாதுகாப்பின் சுமையை அவர்கள் ஏற்கிறார்கள். பாசியின் இலாபம் ஆலைகளுக்குப் போகிறது. இலிப்பிட்டு என்ற புதிய பெயர் இந்தப் பங்கீட்டை மாற்றும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

கடலின் கணக்கு வேறொன்றையும் காட்டுகிறது. யாழ்ப்பாணத்தார் விரும்பி உண்ணும் ஓரா மீன் பாசி மேய்வது. அதன் ஓரினத்தில், சங்கிலி நீளம் குறைந்த கொழுப்பமிலத்தைத் தானே நீட்டி டி.எச்.ஏ. வரை கொண்டுசெல்ல உதவும் டெல்ரா-4 நொதியம் இருப்பதை 2010இல் ஆய்வாளர் வெளியிட்டனர். முதுகெலும்பிகளில் அத்தகைய நொதியம் கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. பாசியிலிருந்து நல்ல கொழுப்பைத் திரட்டும் வேலையை, கரைப்பானும் மின்சாரமும் இல்லாமல், பாசியிலேயே இல்லாத டி.எச்.ஏ.யையும் சேர்த்து, அந்த மீன் செய்துமுடிக்கிறது. மீன்குஞ்சுகள் ஒதுங்கி வளரும் பாசிப்படுகையை அரிந்து எண்ணெய் எடுப்பதைவிட, படுகையை விட்டுவைத்து மீனைப் பிடிப்பது கண்டிக்குக் கூடுதல் ஒமேகா-3 தரும்.

8. எஞ்சும் வழிகள்

இதனால் இலிப்பிட்டைக் கைவிட வேண்டியதில்லை. அதை முதற்பொருளாக்காமல் துணைப்பொருளாக்க வேண்டும். அல்ஜினேற்றுக்கென ஏற்கெனவே பறிக்கப்படும் பாசியை, காரமிட்டுக் காய்ச்சுமுன் எதனோலில் ஊறவைத்தால் நிறமியும் முனைவுள்ள இலிப்பிட்டும் வெளிவரும். எச்சத்திலிருந்து அல்ஜினேற்று எடுக்கலாம். அல்ஜினேற்று உலர்நிறையில் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் செலவைச் சுமப்பது அதுவாகவே இருக்கும். மலைநாட்டில் பாசிக்கு உடனடி வாங்குநர் உணவாளரல்லர், பயிராளரே. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்ட மாதங்களில் தேயிலைக்கும் மரக்கறிக்கும் மாற்றைத் தேடியோர் பாசித் திரவ உரத்தையும் கவனித்தனர். அது தழைச்சத்து உரத்துக்கு ஈடல்ல, வளர்ச்சியூக்கி மட்டுமே. அதற்கான சந்தை தடை நீங்கியபின்னும் இருக்கிறது.

தயற்றமும் ஒரு வழி. கடல் தயற்றமான பேயோடக்டைலம் பழுப்புக் கடற்பாசிகளைவிடப் பன்மடங்கு ஈ.பி.ஏ.யும் பியூக்கோசாந்தினும் கொண்டது. உப்புநீர்த் தொட்டியில் வளர்வதால் பேராதனையிலும் வளர்க்கலாம். முதலீடும் மின்கட்டணமும்தான் தடை.

எனக்கு நடைமுறைக்கு நெருக்கமாகத் தோன்றுவது முட்டை. தீனியில் சிறுபங்கு பழுப்புப் பாசி சேர்த்தால் பியூக்கோசாந்தினின் மாற்றுருக்கள் மஞ்சட்கருவில் வந்துசேர்வதை நோர்வே ஆய்வாளர்கள் 1998இல் காட்டினர். பாசியில் உள்ள அயடீனும் முட்டைக்குள் தாராளமாக ஏறும் என்பதால், கண்டியைச் சுற்றியுள்ள பண்ணைகளில் இதை முயல்வோர் முதலில் அளக்க வேண்டியது மஞ்சட்கருவின் நிறத்தையல்ல, ஒரு முட்டையில் எத்தனை மைக்கிரோகிராம் அயடீன் உள்ளது என்பதையே. அதோடு பாசி பறித்த மாதம், இடம், உலர்த்திய விதம், கரைப்பான், அசேதன ஆசனிக்கும் கொழுப்பில் கரையும் ஆசனிக்கும் தனித்தனியே, ஈ.பி.ஏ. சதவீதமாக அல்லாமல் கிராமுக்கு மில்லிகிராமாக என்ற விவரங்கள் ஒரே அட்டவணையில் வர வேண்டும். இவற்றை அளக்கத் தேவையான வாயுநிறப்பகுப்பும் திணிவுநிறமாலையும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களுக்குப் புதியவை அல்ல. பாசியைக் கரையிலிருந்து குளிர்பெட்டியில் கொண்டுவருவதற்கான பணம்தான் ஆய்வு முன்மொழிவுகளில் முதலில் வெட்டப்படுகிறது.